விண்வெளிக் கொள்ளைக் கப்பல் எங்கே பதுங்கும்?

அறிவியல் புனைகதை ஒன்று எழுதிக்கொண்டிருப்பதாகச் சொல்லி நீங்கள் கேட்டது இது: சிறுகோள் பட்டையில் ஒளிந்திருக்கும் ஒரு கொள்ளைக் கப்பல், புவியிலிருந்து செவ்வாய்க்குச் செல்லும் சரக்குக் கப்பல்களை வழிமறித்துத் தாக்குகிறது, இது நம்பும்படி இருக்குமா, அந்தக் கப்பலுக்கு எவ்வளவு வேகம், என்ன ஆயுதம், எத்தனை ஆட்கள் வைக்கலாம்? கேள்வி வேகத்தையும் ஆயுதத்தையும் பற்றியதுபோல் தோன்றினாலும், அதற்குள் இருக்கும் உண்மையான கேள்வி வேறு என்று எண்ணுகிறேன். ஒரு விண்கலம் இன்னொன்றை அதன் விருப்பமில்லாமல் நெருங்கி, பிடித்து, கிடைத்த பொருளோடு ஓரிடத்துக்குத் திரும்பிச் சேர முடியுமா என்பதே அது. முடியும். ஆனால் நீங்கள் வைத்திருக்கும் இடத்தில் முடியாது. கப்பலும் நீங்கள் கற்பனை செய்திருப்பது போன்றதாக இருக்காது.

செயற்கைக்கோள்களின் சுற்றுப்பாதையைக் கணித்துத் திருத்தும் பணியில் 22 ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இதற்கு விடை எழுதுகிறேன். ஆகவே பாதை, வேகம், உந்துபொருள் ஆகியவை பற்றிச் சொல்வதைக் கணக்காகவே எடுத்துக்கொள்ளலாம். ஆயுதமும் சட்டமும் என் துறை அல்ல. அவற்றைப் பற்றிச் சொல்வதை ஒரு வாசகனின் கருத்தாக மட்டும் கொள்ளுங்கள். கடற்கொள்ளை வரலாற்றை ஆர்வத்தால் படித்திருக்கிறேன். விண்வெளியைக் கடலோடு ஒப்பிடுவது பல இடங்களில் தவறான வழியில் இட்டுச் செல்லும் என்றாலும், ஓரிரு இடங்களில் அந்த ஒப்புமை வியக்கத்தக்க அளவுக்குப் பொருந்துகிறது.

முதலில் உறுதியானதைச் சொல்லிவிடுகிறேன். கடலில் துரத்துபவன் வேகமாகப் போனால் போதும், எதிரியை எட்டிவிடலாம். எட்டியபின் படகை நிறுத்தினால் தண்ணீரே அதை நிறுத்தித் தரும். விண்வெளியில் எட்டுவது பாதி வேலைகூட இல்லை. எட்டும் கணத்தில் இரண்டு கலங்களின் வேகமும் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் துரத்தி வந்தவன் இரையைத் தாண்டிப் போய்விடுவான், அல்லது அதில் மோதுவான். மோதலின் அளவை ஒரு எண்ணால் விளக்கலாம்: வினாடிக்கு 3 கி.மீ. ஒப்பு வேகத்தில் வரும் ஒரு கிலோ எடையுள்ள எந்தப் பொருளும், ஏறத்தாழ ஒரு கிலோ டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமமான ஆற்றலைச் சுமந்து வருகிறது. 2009 பிப்ரவரியில் இரிடியம் 33, காஸ்மாஸ் 2251 என்ற இரண்டு செயற்கைக்கோள்கள் வினாடிக்குச் சுமார் 11.7 கி.மீ. வேகத்தில் மோதியபோது இரண்டும் ஆயிரக்கணக்கான துண்டுகளாகச் சிதறின. அழிப்பது விண்வெளியில் எளிது. ஒரு வாளி ஆணியை எதிர்த்திசையில் கொட்டினால் போதும். ஆனால் அழித்தவனுக்குக் கொள்ளைப் பொருள் எதுவும் மிஞ்சாது. ஆகவே உங்கள் கொள்ளையரின் சிக்கல் தாக்குவதில் இல்லை, மெதுவாக அருகில் போய்ச் சேருவதில் இருக்கிறது. அந்த மென்மைக்குத்தான் விலை அதிகம்.

அந்த விலையை எங்கள் துறையில் டெல்டா-வி என்போம். ஒரு கலம் தன்னிடமுள்ள உந்துபொருளை எல்லாம் செலவழித்தால் தன் வேகத்தை மொத்தமாக எவ்வளவு மாற்றிக்கொள்ள முடியும் என்பதே அது. புவிநிலைப் பாதையிலுள்ள ஒரு தகவல்தொடர்புச் செயற்கைக்கோளை அதன் இடத்தில் பிடித்து வைக்கவே ஆண்டுக்கு வினாடிக்கு 50 மீட்டர் அளவுக்கு டெல்டா-வி செலவாகும். அந்த 50 மீட்டரில் ஒன்றிரண்டை மிச்சம் பிடிக்க நாங்கள் இரவெல்லாம் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறோம், ஏனென்றால் உந்துபொருள் தீர்ந்தால் நல்ல நிலையிலுள்ள செயற்கைக்கோளும் பயனற்றுப் போகும். கதைகளில் கப்பல்கள் ஆயிரக்கணக்கான கி.மீ. வேகத்துக்கு எகிறிப் பாய்ந்து திரும்புவதைப் படிக்கும்போது எனக்கு வருத்தம்தான் வரும். எழுத்தாளர் கைக்கு எட்டிய நல்ல நெருக்கடி ஒன்றை வீணாக்கிவிட்டாரே என்று. 1903இல் ரஷ்ய அறிவியலாளர் சியோல்கோவ்ஸ்கி வெளியிட்ட சமன்பாடு சொல்வது இதுதான்: இயந்திரத்திலிருந்து வாயு வெளியேறும் வேகம் எவ்வளவோ, அந்த அளவு டெல்டா-வி வேண்டுமானால் புறப்படும்போதுள்ள எடை இறுதி எடையைப் போல 2.7 மடங்கு இருக்க வேண்டும். அதில் இரு மடங்கு வேண்டுமானால் 7.4 மடங்கு, மும்மடங்கு வேண்டுமானால் 20 மடங்கு. நீர்ம ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எரியும் சிறந்த வேதி இயந்திரத்தில் அந்த வெளியேற்ற வேகம் வினாடிக்குச் சுமார் 4.5 கி.மீ. கொள்ளையனுக்கோ நான்கு செலவுகள் இருக்கின்றன: புறப்பட வேண்டும், இரையோடு வேகத்தைச் சமன் செய்ய வேண்டும், அங்கிருந்து விலகித் தன் இடத்தை நோக்கித் திரும்ப வேண்டும், அங்கே போய் நிற்க வேண்டும். கடலில் திரும்பும் பயணத்துக்குக் காற்று உதவும். இங்கே ஒவ்வொன்றையும் கையிலிருந்தே கொடுக்க வேண்டும்.

உங்கள் சிறுகோள் பட்டைக் காட்சிக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். சூரியனிலிருந்து புவி இருக்கும் தொலைவைப் போல 2.5 மடங்கு தொலைவில் ஒரு சிறுகோளில் கொள்ளையரின் தளம் இருப்பதாகவும், செவ்வாய் செல்லும் கப்பலை 1.3 மடங்கு தொலைவில் மறிப்பதாகவும், எல்லாம் ஒன்றுக்கொன்று சாய்வில்லாமல் ஒரே சமதளத்தில் சுற்றுவதாகவும் வைத்துக்கொண்டால், புறப்பட வினாடிக்கு 3.3 கி.மீ., வேகத்தைச் சமன் செய்யச் சுமார் 7 கி.மீ., திரும்பவும் நிற்கவும் அதே அளவு என்று மொத்தம் 20 கி.மீ.க்கு மேல் ஆகிறது. வேதி இயந்திரத்தில் இதற்குப் புறப்படும் எடை இறுதி எடையைப் போல 100 மடங்கு வேண்டும். நூறு டன் எடையுள்ள கப்பலில் 99 டன் உந்துபொருள்; மிச்சமுள்ள ஒரு டன்னில் தொட்டி, இயந்திரம், ஆட்கள், கொள்ளைப் பொருள் எல்லாம் அடங்க வேண்டும். போகும் வழிக்கு மட்டுமே ஓராண்டும் நான்கு மாதமும் ஆகும். ஒளிந்துகொள்ள அங்கே பாறைக் கூட்டமும் இல்லை. பட்டையிலுள்ள எல்லாவற்றையும் சேர்த்தாலும் நிலவின் எடையில் சில விழுக்காடுதான். பயனியர் 10 விண்கலம் 1972-73இல் அந்தப் பட்டையை எதிலும் மோதாமல் கடந்து சென்றது. 1991இல் கலிலியோ விண்கலம் காஸ்பரா என்ற சிறுகோளை அருகில் சென்று பார்க்க வேண்டியிருந்தபோது அதற்கென்றே குறிவைத்துப் பாதை அமைத்தார்கள். தற்செயலாக எதுவும் எதிரில் வந்து நிற்பதில்லை. இந்தக் காட்சியைக் கதையிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

அப்படியானால் கொள்ளையன் எங்கே இருப்பான்? பயணம் முடியும் இடத்தில், துறைமுக வாசலில் இருப்பான். இங்கேதான் கடல் ஒப்புமை எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பருவக்காற்றைப் பிடித்து அரபிக் கடலைக் கடந்து முசிறிக்கு வந்த மரக்கலங்களுக்குத் திறந்த கடலில் கொள்ளை அச்சம் பெரிதாக இல்லை. கரையை நெருங்கும்போதுதான் இருந்தது. கலங்களில் வில்லாளிகளை ஏற்றி வரவேண்டியிருந்தது என்று எழுதிய ரோமானியரான பிளினி, அண்மையிலேயே கடற்கொள்ளையர் இருந்ததால் அந்தத் துறையை விரும்பத்தக்கது அல்ல என்றே குறித்துவைத்தார். காற்று வீசும் காலம் எல்லோருக்கும் தெரியும். ஆகவே கலங்கள் வரும் காலமும் எல்லோருக்கும் தெரியும். செவ்வாய்ப் பயணத்தில் பருவக்காற்றின் வேலையைக் கோள்களின் நிலை செய்கிறது. 1925இல் ஜெர்மானியப் பொறியாளர் ஹோமான் விளக்கிய சிக்கனமான பாதையில் செல்ல சுமார் 259 நாள் ஆகும். அதற்கு வாய்ப்பான நிலை 26 மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. அதாவது உங்கள் சரக்குக் கப்பல்கள் தனித்தனியே உலவாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சில வார இடைவெளிக்குள் கூட்டமாகப் புறப்பட்டு, கூட்டமாக வந்து சேரும். அவை வரும் வழி, நாள், வேகம் எல்லாவற்றையும் பள்ளி மாணவன்கூடக் கணித்துவிடலாம்.

செவ்வாயின் சிறிய நிலவான டெய்மோஸ் அருகே தளம் இருப்பதாக வைத்து மறுபடி கணக்குப் போட்டேன். சரக்குக் கப்பல் செவ்வாயை நோக்கி வினாடிக்குச் சுமார் 2.65 கி.மீ. வேகத்தில் வருகிறது. வந்து சேர 10 நாள் இருக்கும்போது அது 23 லட்சம் கி.மீ. தொலைவில் இருக்கும். கொள்ளையன் அதற்கு 27 நாள் முன்பே புறப்பட்டு, வினாடிக்கு ஒரு கி.மீ. வேகத்தில் எதிரே சென்று, சந்திக்கும் இடத்தில் திரும்பி வேகத்தைச் சமன் செய்து, இரையோடு சேர்ந்தே செவ்வாய்க்கு வந்து, அங்கே வேகத்தைக் குறைத்து டெய்மோஸுக்குத் திரும்புகிறான். எல்லாம் சேர்ந்து வினாடிக்கு 6 கி.மீ.க்குச் சற்று மேல். எடை விகிதம் 4 போதும். நூறு மடங்கு எங்கே, நான்கு மடங்கு எங்கே. ஒரே ஒரு திருத்தம் இதில் வேண்டும்: நீர்ம ஹைட்ரஜன் மைனஸ் 253 பாகையில் இருக்க வேண்டிய பொருள், நாளாக ஆகக் கொதித்து ஆவியாகிக்கொண்டே இருக்கும், மாதக்கணக்கில் பதுங்கிக் காத்திருப்பவனுக்கு அது ஒத்துவராது. அவன் ஹைட்ரசீன் வகைப் பொருளைத்தான் வைத்திருப்பான். 1977இல் புறப்பட்ட வாயேஜர் கலங்கள் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதையே பயன்படுத்தித் திசை திருப்பி வந்திருக்கின்றன. ஆனால் அதன் வெளியேற்ற வேகம் குறைவு. நைட்ரஜன் டெட்ராக்சைடோடு சேர்த்து எரித்தாலும் வினாடிக்கு 3.1 கி.மீ. அளவுதான் என்பதால் விகிதம் 7 ஆகிவிடும். இறுகக் கட்டிய, மெலிந்த, பெரும்பகுதி தொட்டியாகவே இருக்கும் ஒரு கப்பல்; அவ்வளவே. அணுவெப்ப இயந்திரம் வைத்தால் இன்னும் வசதி. அமெரிக்கா அத்தகைய இயந்திரத்தை நெவாடா பாலைவனத்தில் ஓட்டிப் பார்த்து, 1973இல் திட்டத்தைக் கைவிட்டது. அதன் வெளியேற்ற வேகம் வினாடிக்கு 8 கி.மீ. ஆகும்.

இனி எதைக் கொள்ளையடிப்பது என்ற விஷயம். உங்கள் கேள்வியில் இது இல்லை, ஆனால் கதையின் உயிர் இங்கே இருப்பதாக நினைக்கிறேன். 2008 நவம்பரில் சோமாலியக் கொள்ளையர் சிரியஸ் ஸ்டார் என்ற பெரும் எண்ணெய்க் கப்பலைக் கென்யக் கரையிலிருந்து வெகு தொலைவில் பிடித்தனர். அதில் 20 லட்சம் பீப்பாய் கச்சா எண்ணெய் இருந்தது. அவர்கள் எண்ணெயைத் தொடவில்லை. கப்பலையும் 25 மாலுமிகளையும் பிடித்து வைத்து மீட்புப் பணம் கேட்டு வாங்கிக்கொண்டு 2009 ஜனவரியில் விட்டனர். விண்வெளியிலும் அப்படித்தான் நடக்கும், ஆனால் சரக்குக் கப்பலில் ஆளே இருக்க மாட்டார்கள். இன்றைக்கே விண்வெளி நிலையத்துக்குப் பொருள் கொண்டுசெல்லும் ரஷ்யாவின் புரோக்ரஸ் கலங்கள் ஆளின்றித்தான் போகின்றன. அப்படியானால் பணயம் எது? வேகத்தைக் குறைக்கும் அந்த ஒரு கணம்தான் பணயம். செவ்வாயை நெருங்கும் கப்பல் குறித்த நேரத்தில் தன் இயந்திரத்தை இயக்கி வேகத்தைக் குறைத்தால்தான் செவ்வாயின் ஈர்ப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். அந்தச் சில நிமிடங்களைத் தவறவிட்டால், கப்பல் செவ்வாயைத் தாண்டிச் சூரியனைச் சுற்றும் வேறொரு பாதையில் போய்விடும். மறுபடி எட்டக்கூடிய இடத்துக்கு வர ஆண்டுகள் ஆகும், வராமலும் போகலாம். ஆகவே கொள்ளையன் கப்பலில் ஏறி, இயந்திரக் கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, இந்த நாள் இந்த மணிக்குள் பணம் வராவிட்டால் இயந்திரம் இயங்காது என்று சொல்வான். இந்தக் கெடுவை அவன் வைக்கவில்லை, கோள் வைத்தது. யாராலும் தள்ளிப்போட முடியாது. அவனுடைய கப்பலும் அதே நேரத்தில் வேகத்தைக் குறைத்தாக வேண்டும் என்பதால் அவனும் அதே கெடுவுக்குள்தான் இருக்கிறான். பத்து நாள் பேரம், இரு பக்கமும் ஒரே கடிகாரம். புவியிலுள்ள உரிமையாளரோடு பேச வேண்டுமானால், கோள்களின் நிலையைப் பொறுத்து ஒரு செய்தி போய்ச் சேரவே 3 முதல் 22 நிமிடம் ஆகும். கேள்விக்கும் பதிலுக்கும் இடையே முக்கால் மணி நேரம்கூட ஓடிவிடலாம். துப்பாக்கிச் சண்டையைவிட இது எவ்வளவோ கூர்மையான காட்சி என்பது என் எண்ணம். எடுத்துச் செல்லவே வேண்டுமென்றால் சரக்குக் கப்பலின் உந்துபொருளை எடுக்கலாம். அது யாருடையது என்று அடையாளம் சொல்ல முடியாது, எல்லோருக்கும் தேவைப்படும், எங்கும் விலைபோகும்.

ஒளிந்திருப்பது பற்றி. இதில் ஒரு பகுதி உறுதி, ஒரு பகுதி விவாதத்துக்குரியது. மனிதர் வாழும் வெப்பநிலையில் உள்ள எந்தப் பரப்பும் சதுர மீட்டருக்குச் சுமார் 450 வாட் அளவுக்கு அகச்சிவப்பு வெப்பத்தை உமிழும். பின்னணி வானமோ தனிச்சுழிக்கு, அதாவது அதற்குமேல் குளிரவே முடியாத எல்லைக்கு, 3 பாகைகூட மேலில்லாத குளிர். அந்தக் குளிரில் சூடான கப்பல் விளக்கு போலத் தெரியும். இயந்திரத்தை இயக்கினால் இன்னும் வெகு தொலைவிலிருந்தே தெரியும். இதில் ஐயமில்லை. வெப்பத்தை ஒருபக்கமாகத் திருப்பிவிட்டு மறுபக்கத்தைக் குளிராக வைத்துக்கொள்ளலாமா என்றால், ஓரளவு முடியும். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி டென்னிஸ் ஆடுகளம் அளவுள்ள ஐந்தடுக்குத் திரையைச் சூரியனுக்கு எதிரே பிடித்து, நிழல் பக்கத்தை மைனஸ் 220 பாகைக்கும் கீழே வைத்திருக்கிறது. ஆனால் அது ஓரிடத்தில் நிற்கும் கருவி. இயந்திரத்தை இயக்கிப் பாய வேண்டிய கப்பலுக்கு அத்தகைய திரை பொருந்துமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இன்னொன்று, சூரியன் இருக்கும் திசையிலிருந்து வருவதைப் பார்ப்பது கடினம். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேல் வெடித்த, 20 மீட்டர் அளவுள்ள விண்கல் அந்தத் திசையிலிருந்துதான் வந்தது. வானத்தில் தீப்பிழம்பாகத் தோன்றும்வரை யாரும் அதைக் காணவில்லை. உங்கள் கதையில் பதுங்கல் கட்டாயம் வேண்டுமென்றால் சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு வரும் பாதை ஒன்று நியாயமாக இருக்கும்.

ஆனால் அதைவிட நல்ல வழி மறையாமலே வருவது. துறைமுகம் என்று இருந்தால் இழுவைப் படகுகளும் பழுது பார்க்கும் கலங்களும் இருக்கும். அவை கப்பல்களை நெருங்குவதை யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள். 2020 பிப்ரவரியில் எம்.இ.வி.-1 என்ற கலம், இணைப்புக்கென்று வடிவமைக்கப்படாத இன்டெல்சாட் 901 செயற்கைக்கோளின் பின்புறத்தை அடைந்து, அதன் இயந்திரக் குழலுக்குள் ஒரு முனையைச் செருகிப் பிடித்துக்கொண்டது. உரிமையாளர் கேட்டுக்கொண்டு செய்த பணி அது. உந்துபொருள் தீரும் நிலையிலிருந்த செயற்கைக்கோளுக்கு ஆயுளை நீட்டிக்க உதவியது. உரிமையாளர் கேட்காமல் அதே வேலையைச் செய்திருந்தால் அதற்குப் பெயர் கொள்ளை. கருவியில் எந்த வேறுபாடும் இல்லை. இந்த அச்சம் இன்று கற்பனையும் அல்ல: தன் அத்தேனா-ஃபிடுஸ் செயற்கைக்கோளை ரஷ்யாவின் லூச் என்ற செயற்கைக்கோள் 2017இல் ஒட்டுக்கேட்கும் நோக்கத்தோடு நெருங்கி வந்தது என்று பிரான்ஸின் பாதுகாப்பு அமைச்சர் 2018இல் வெளிப்படையாகவே குற்றஞ்சாட்டினார். உங்கள் கொள்ளைக் கப்பல் கறுப்பு வண்ணம் பூசிய பயங்கரக் கலமாக இருக்க வேண்டாம்; உரிமமும் பதிவெண்ணும் கொண்ட பழைய இழுவைக் கலமாக இருக்கட்டும்.

நெருங்கியபின் பிடிப்பது எப்படி என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கதைகளில் இது ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. 1965 ஜூனில் அமெரிக்காவின் ஜெமினி 4 கலத்தை ஓட்டிய மெக்டிவிட், தாம் கழற்றிவிட்ட ராக்கெட் பகுதியை நோக்கி நேராக இயந்திரத்தை இயக்கினார். நெருங்குவதற்குப் பதிலாக அது விலகிக்கொண்டே போனது. கோளைச் சுற்றும்போது முன்னே போகிறவனைப் பிடிக்க வேண்டுமானால் வேகத்தைக் குறைத்துத் தாழ்ந்த பாதைக்கு இறங்க வேண்டும். தாழ்ந்த பாதையில் சுற்று விரைவாக முடியும். 2025 ஜனவரி 16 அன்று இந்தியாவின் ஸ்பேடெக்ஸ் திட்டத்தில், தலா 220 கிலோ எடையுள்ள இரு சிறு கலங்கள் ஒன்றோடொன்று இணைந்தன. ஒத்துழைக்கவே வடிவமைக்கப்பட்ட கலங்கள் அவை, இருந்தும் குறித்த நாள் இருமுறை தள்ளிப்போனது. ஒத்துழைக்காத கலத்தோடு இணைந்ததற்கு மிகச் சிறந்த சான்று 1985 ஜூனில் நடந்தது: மின்சாரம் முழுவதும் அற்று, உறைந்து, கட்டுப்பாடின்றி மிதந்த சோவியத் விண்வெளி நிலையமான சல்யூத் 7ஐ, ஜானிபெகோவும் சவீனிக்கும் சன்னல் வழியே பார்த்து, கையில் பிடித்த லேசர் தொலைவுமானியின் துணையோடு கையாலேயே ஓட்டி இணைத்தார்கள். உள்ளே பனி படிந்து கிடந்தது. உங்கள் கொள்ளைக் கப்பலின் ஓட்டுநருக்கு ஒரு முன்மாதிரி வேண்டுமானால், அந்த இருவரின் பொறுமையைப் படியுங்கள். சல்யூத் வேகமாகச் சுழலாமல் இருந்ததால்தான் அது முடிந்தது. எதிரிக் கப்பல் தன்னைத்தானே சுழற்றிக்கொண்டால் இணைவது ஏறக்குறைய இயலாத காரியம். 1966 மார்ச்சில் ஒரு சிறு உந்துகுழல் அடைபடாமல் திறந்தே நின்றதால் ஜெமினி 8 வினாடிக்கு ஒரு சுற்று என்ற அளவுக்குச் சுழன்று, உள்ளே இருந்தவர்கள் மயங்கும் நிலைக்குப் போனார்கள். ஆளில்லாச் சரக்குக் கப்பலுக்கு மயக்கம் வராது. ஆகவே சுழற்சிதான் மலிவான தற்காப்பு. ஆனால் வேகம் குறைக்கும் நேரத்துக்கு முன் அது சுழற்சியை நிறுத்தித் திசையைச் சரிசெய்தாக வேண்டும் என்பதும் உண்மை. கொள்ளையன் அந்த இடைவெளிக்காகக் காத்திருப்பான்.

கப்பலுக்குள் இருக்கும் காற்றைப் பற்றி ஒரு நுணுக்கம். இன்றைய விண்ணுடைகளுக்குள் அழுத்தம் வளிமண்டலத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். அதற்கு மேல் ஏற்றினால் உடை விறைத்துக் கை மடங்காது. 1965இல் முதன்முதலில் வெளியே மிதந்த சோவியத் வீரர் லியோனவின் உடை உப்பிப்போனதால், திரும்பி நுழைய அவர் உடையின் அழுத்தத்தையே குறைக்க நேர்ந்தது. சாதாரணக் காற்றழுத்தத்தில் இருப்பவர் திடீரென்று அந்த உடைக்குள் போனால் இரத்தத்தில் நைட்ரஜன் குமிழிகள் உண்டாகும். அதைத் தவிர்க்க விண்வெளி நிலையத்தில் முன்கூட்டியே நெடுநேரம் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கிறார்கள். எந்த நேரத்திலும் வெளியே பாய வேண்டிய கொள்ளையருக்கு அந்த அவகாசம் இல்லை. ஆகவே அவர்கள் கப்பலையே தாழ்ந்த அழுத்தத்தில், பெரும்பாலும் ஆக்சிஜனால் நிரப்பி வைத்திருப்பார்கள். அமெரிக்காவின் ஸ்கைலேப் நிலையத்தில் மூன்றில் ஒரு பங்கு அழுத்தமும் 70 விழுக்காடு ஆக்சிஜனும்தான் இருந்தன. அப்படிப்பட்ட கப்பலில் தீயைக் கண்டு எல்லோரும் நடுங்குவார்கள். ஆட்கள் நான்கைந்து பேருக்கு மேல் வேண்டாம்: ஒருவருக்கு ஒரு நாளைக்கு 840 கிராம் ஆக்சிஜன், அதோடு நீர், உணவு. எடை விகிதம் 7 என்றால் ஒவ்வொரு கூடுதல் கிலோவுக்கும் 6 கிலோ உந்துபொருள் ஏற்ற வேண்டும். ஆயுதமாகப் பெரிய பீரங்கி எதையும் வைக்க மாட்டேன். சோவியத் ஒன்றியம் 1974இல் ஏவிய சல்யூத் 3 நிலையத்தில் பீரங்கி ஒன்றைப் பொருத்தி, ஆட்கள் இல்லாத நேரத்தில் சுட்டும் பார்த்தது உண்மைதான். ஆனால் உங்கள் கப்பலுக்குத் தேவைப்படுவது வெட்டும் கருவி, பிடிக்கும் கை, மற்றவர் கப்பலின் கட்டளைக் குறியீட்டை அறிந்த ஒருவர். அந்த ஒருவர் சரக்கு நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்தவராக இருந்தால் கதைக்கு வலு கூடும்.

தப்பித்துப் போவதுதான் மிகக் கடினம். இயந்திரத்தை நிறுத்தியபின் எந்தக் கலமும் எங்கே எப்போது போய்ச் சேரும் என்பதைச் சில நாள் பார்த்தவர் யாரும் சொல்லிவிடலாம். கடலில் கொள்ளையன் அடிவானத்துக்கு அப்பால் மறைந்துவிடுகிறான். இங்கே அவன் போகும் வழி முழுவதும் எல்லோருக்கும் தெரியும், போய் இறங்கும் நாள்கூடத் தெரியும். ஆகவே கேள்வி கேட்காத ஒரு துறைமுகம் அவனுக்கு வேண்டும். சோமாலியாவில் ஏல், ஹரார்தேரே போன்ற கடற்கரை ஊர்கள் இருந்ததால்தான் பிடித்த கப்பல்களை மாதக்கணக்கில் கரையருகே நிறுத்தி வைக்க முடிந்தது. செவ்வாயின் குடியிருப்புகளில் எது இவர்களுக்கு இடம் கொடுக்கிறது, ஏன் கொடுக்கிறது என்பதை நீங்கள் எழுதித்தான் ஆக வேண்டும். புவியின் விலைநிர்ணயத்தால் நசுங்கும் ஒரு குடியிருப்பு என்றால் எனக்கு அது நம்பும்படி இருக்கும். சட்டத்தில் ஒரு சுவையான இடைவெளி உண்டு. 1982ஆம் ஆண்டின் கடல்சட்ட உடன்படிக்கை, எந்த நாட்டின் அதிகாரத்துக்கும் உட்படாத இடத்தில் தனிப்பட்ட நோக்கத்துக்காக ஒரு கப்பல் இன்னொன்றைத் தாக்குவதையும் கொள்ளை என்றே சொல்கிறது. 1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தமோ பதிவு செய்த நாட்டுக்கே தன் கலத்தின் மீது அதிகாரம் என்கிறது. முதலாவது விண்வெளிக்கும் நீளுமா என்பது முடிவாகாத வாதம். கதையில் ஒரு வழக்கறிஞர் பாத்திரம் இருந்தால் அவர் இதைப் பிடித்துக்கொள்ளலாம்.

கப்பலை விண்மீன்களுக்கு இடையே ஓடும் கலமாக வைத்தால் என்ன என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். மிக அருகிலுள்ள விண்மீன் 4.24 ஒளியாண்டு தொலைவு. வாயேஜர் 1 போகும் வேகத்தில் 70,000 ஆண்டுக்கு மேல் ஆகும். ஆகவே அங்கே இயற்பியலைவிட நீங்கள் வகுக்கும் விதிதான் பேசும், என் பயிற்சி அதற்கு உதவாது. ஒன்று மட்டும் சொல்வேன்: உங்கள் கப்பல்கள் எங்கு வேண்டுமானாலும் தோன்றி எங்கு வேண்டுமானாலும் மறையலாம் என்றால் கொள்ளைக்கு இடமே இருக்காது, அவை வெளிப்பட்டு, வேகம் குறைத்து, சில நாள் ஊர்ந்து செல்லவேண்டிய ஒரு குறுகிய வாசலை வையுங்கள்.

செவ்வாயில் வைப்பதாக முடிவு செய்தால், சரக்குக் கப்பல்கள் எந்த ஆண்டில் வந்து சேருகின்றன என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். நான் போட்ட கணக்கு எல்லாக் கோள்களும் வட்டப் பாதையில் சுற்றுவதாக வைத்துப் போட்டது. செவ்வாயின் பாதை கணிசமாக நீள்வட்டமானது என்பதால், வரும் வேகம் ஒவ்வொரு வாய்ப்புக்கும் மாறும். சில ஆண்டுகளில் கொள்ளையனுக்கு உந்துபொருள் போதும், சில ஆண்டுகளில் போதாது. ஆண்டைச் சொன்னால் அந்த ஆண்டின் கோள் நிலைகளை வைத்து நாள்வாரியாகப் போட்டுத் தருகிறேன்.